லினக்ஸ்காரர் தோற்ற தீபாவளி

ஓசூர் பேருந்து நிலையத்தை விட்டு நாங்கள் மூன்று பேரும் தேன்கனிக்கோட்டை சாலையில் நடந்துகொண்டிருந்தோம். மறுநாள் தீபாவளி. நிலையத்தில் ஜன்னல் வழியாகக் குழந்தைகளைப் பஸ்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைத் திணிக்க ஆள் இல்லை. நடந்தால் வழியில் காலி வண்டி ஏதாவது கிடைக்கும் என்று அண்ணி சொன்னார். பலகாரக் கூடையோடு அவர் முன்னால் போனார். தலையில் துணிமூட்டையோடு நான் நடுவில். கடைசியாக அவர் புருஷன், நாலடிக்கு ஒருமுறை ஓசூரைத் திரும்பிப் பார்த்தபடி.

அவரை ஓசூரில் லினக்ஸ்காரர் என்பார்கள். நான் அண்ணன் என்பேன். அவருடைய செல்போன் ஓயவில்லை.

"ஆமாம்பா... ஆமா, நின்னுடுச்சு. மத்தியானந்தான்... இல்லல்ல, ஒன்னும் கஷ்டப்படல... சரி சரி, வெச்சிடறேன்."

கூடவே நடந்து வந்த ஒரு பெரியவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "நாளும் கெழமையுமா யாருப்பா தவறிட்டாங்க?"

"கம்ப்யூட்டருங்க."

பெரியவர் சாலையின் மறுபக்கம் போய் நடக்க ஆரம்பித்தார்.

இது நடந்து பத்து வருடம் இருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் வேலை பார்த்துவிட்டேன். பல முதலாளிகளின் முகம்கூட நினைவில் இல்லை. அண்ணனை மட்டும் மறக்க முடியவில்லை. தோற்கத் தெரியாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தோற்க முயற்சி செய்து அதிலும் தோற்ற ஆள் அவர் ஒருவர்தான்.

அப்போது நான் போச்சம்பள்ளியில் செருப்புக் கம்பெனியில் பசை தடவும் வேலையை விட்டுவிட்டு ஓசூருக்கு வந்திருந்தேன். ரோஜாத் தோட்டத்தில் கொஞ்ச காலம் பூ வெட்டினேன். கை முழுக்க முள் ஏறிச் சீழ் வைத்ததும் அதையும் விட்டேன். மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் ஒரு கடையில் மானிட்டர் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். தரையில் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார் அண்ணன். எந்த ஊர், என்ன படிப்பு, எதுவும் கேட்கவில்லை.

"உங்கிட்ட சிஸ்டம் இருக்கா?"

"இல்லண்ணா."

"எப்பவாச்சும் விண்டோஸ் தொட்டிருக்கியா?"

"இல்லண்ணா."

"சுத்தமான ஆளு. நாளைல இருந்து வா."

யாரைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி இதுதான். மற்றவர்கள் ஜாதியைத் தெரிந்துகொள்ளச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இவர் நேராகவே கேட்பார்: "வீட்ல சிஸ்டத்துல என்ன போட்டிருக்கீங்க?"

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வெறும் பெட்டி. அதை ஓடவைக்க உள்ளே ஒன்றைப் போட வேண்டும். விண்டோஸ் என்று ஒன்று, ஊர் முழுக்க அதுதான். லினக்ஸ் என்று இன்னொன்று, ஓசியிலேயே கிடைக்கும், ஆனாலும் யாரும் கேட்பதில்லை. அண்ணன் அந்தக் கட்சியில் இருந்தார். ஓசூரில் அந்தக் கட்சிக்குத் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாமே அவர்தான்.

கடையின் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இடப்பக்கம் அண்ணனின் பழுதுபார்க்கும் இடம். வலப்பக்கம் அண்ணியின் கம்ப்யூட்டர் பயிற்சி மையம். அங்கே முழுக்க விண்டோஸ். வேலைக்குப் போகிற பிள்ளைகள் அதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் கூட்டமும் அங்கேதான். கடை வாடகை வலப்பக்கத்திலிருந்து போனது. இடப்பக்கத்திலிருந்து கருத்துகள் வந்தன.

அண்ணனிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவது ஆபத்து. அத்திப்பள்ளியிலிருந்து ஒரு கல்யாண மண்டபக்காரர் கன்னடம் பேசிக்கொண்டு வந்தார். காற்றாடி சத்தம் போடுகிறது, துடைத்துக் கொடுங்கள் என்றார். திரும்பி வந்து பார்த்தால் திரையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் நின்றுகொண்டிருந்தது.

"ஏன் சார் இது?"

"காத்தாடி சத்தம் நின்னுடுச்சா இல்லியா?"

"நின்த்து சார். நம்ம விண்டோஸ் எல்லி, எங்க?"

"அது இருந்ததாலதான் சத்தமே."

"பேடா சார், பேடா!" என்று கும்பிட்டார் மண்டபக்காரர். வேண்டாம் என்பதை அத்தனை உருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணி தடுப்பைச் சுற்றி வந்து, அண்ணன் எடுத்து வைத்திருந்த பழையதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். மண்டபக்காரர் போகும்வரை அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அண்ணிக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு. சந்தோஷமாக இருந்தால் புருஷனை "ஏமண்டி" என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார். நான் வேலை பார்த்த காலத்தில் கடையில் பெரும்பாலும் தமிழ்தான் நடந்தது.

"என் சிஸ்டம் நிக்காது. ஓடிட்டே இருக்கும்" என்பார் அண்ணன்.

"ஓடுது, யார் இல்லேன்னா? எங்க போய்ச் சேந்துச்சுன்னு சொல்லுங்க" என்று தடுப்புக்கு அந்தப்புறமிருந்து பதில் வரும்.

அண்ணியிடம் படித்த ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். அதைத் திறந்ததும் லினக்ஸ் வேண்டுமா விண்டோஸ் வேண்டுமா என்று கேட்டது. ஒரே பெட்டிக்குள் இரண்டும் இருந்தன. அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கமாகக் கையை நீட்டினார்கள். கடைசியில் அந்தப் பெண் லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் வீட்லயே பாத்துக்கறேன் மிஸ்" என்று போய்விட்டாள்.

இவர்களுக்குள் ஒரு பந்தயம் இருந்தது. ஓசூரில் ஆயுதபூஜைதான் பெரிய பண்டிகை. பட்டறை, கம்பெனி, கடை எல்லாவற்றிலும் இயந்திரங்களை நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைப்பார்கள். அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி அன்று காலையில்தான் திரும்ப ஓடவிடுவார்கள். அந்தக் காலையில் அண்ணன் தன்னுடைய சிஸ்டத்தையும் அண்ணி தன்னுடையதையும் ஒரே நேரத்தில் போடுவார்கள். "ரெடி, ஒன், டூ, த்ரீ" சொல்வது என் வேலை. அன்றிலிருந்து தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் ஊருக்குக் கிளம்பும்வரை எது முதலில் நிற்கிறதோ அந்தக் கட்சி தோற்றது. ஜெயித்தவரின் ஊரில் தீபாவளி. இரண்டும் நிற்காவிட்டால் போன வருடம் போன ஊருக்கே போக வேண்டும்.

அண்ணனுக்கு ஊர் மத்தூர். கல்யாணமான முதல் வருடம் தலைதீபாவளிக்குத் தேன்கனிக்கோட்டை போனதோடு சரி. பந்தயம் தொடங்கிய பிறகு ஒவ்வொரு வருடமும் மத்தூர்தான். அண்ணியின் சிஸ்டம் அப்டேட் என்று தானாகவே ஒருமுறை நின்று எழுந்திருக்கும்.

"அது குளிச்சிட்டு வருது. செத்தா போச்சு?" என்று அண்ணி வாதாடிப் பார்த்தார்.

"குளிக்கப் போனாலும் நின்ன கணக்குதான்."

ஒரு வருடம் பந்தயத்தின் நடுவில் கடையை அடுத்த தெருவுக்கு மாற்ற வேண்டி வந்தது. இரண்டையும் அணைத்துவிடலாம், கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார் அண்ணி. அண்ணன் சலுகையை ஏற்கவில்லை. உன்னுடையதை அணைத்துக்கொள், என்னுடையது ஓடிக்கொண்டேதான் வரும் என்றார். தள்ளுவண்டியில் கம்ப்யூட்டரை வைத்து, பக்கத்தில் யூ.பி.எஸ். பேட்டரிப் பெட்டியை வைத்து, மேலே குடை பிடித்தார். நான் தள்ளினேன். கரண்ட் எடுத்த நொடியிலிருந்து யூ.பி.எஸ். அலற ஆரம்பித்தது. மார்க்கெட்டுக்குள் அந்தச் சத்தத்தோடு நாங்கள் போனபோது ஆட்டோக்காரர்கள் ஆம்புலன்ஸ் என்று வழிவிட்டார்கள். ஒரு அம்மா ஐஸ்வண்டி என்று பேரனுக்குக் கோன் கேட்டார். "உயிர் போற அவசரம்மா, அப்புறம் வாங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார் அண்ணன். யூ.பி.எஸ். சாவதற்குள் புதுக்கடையில் ஒயரைச் செருகிவிட்டோம். அன்று அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சம்பளம் கொடுக்கும்போதுகூட அவர் முகத்தில் அத்தனை மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்த வருடத்தில், விஜயதசமி கழிந்த அந்த வாரமே அண்ணியின் அம்மா களத்தில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டுக் கட்டிலில் கிடந்தார். கூட இருக்க ஆள் இல்லை, பக்கத்து வீட்டில்தான் சோறு கொடுத்தார்கள். அண்ணியைத் தவிர வேறு பிள்ளைகளும் இல்லை. அவருடைய மானாவாரிக் காட்டில் ராகி கதிர் வாங்கி நின்றது. மலையிலிருந்து யானை இறங்கி மேய்கிற சமயம். அண்ணி இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வகுப்பை விட்டுவிட்டு அதற்குமேல் போக முடியவில்லை. தீபாவளிக்குத்தான் சேர்ந்தாற்போல நாலு நாள் கடையை மூடுவார்கள்.

ஆகவே அந்த வருடம் ஜெயித்தே தீருவது என்று அண்ணி முடிவு செய்தார். தன் சிஸ்டத்துக்குப் பக்கத்தில் யாரையும் விடவில்லை. அப்டேட் கேட்கும்போதெல்லாம் அப்புறம், அப்புறம் என்று தட்டிவிட்டார். வகுப்பு கெட்டாலும் பரவாயில்லை, இதன் கரண்டுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். பிள்ளைகள் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த விசைப்பலகையில் டைப் அடித்துப் பழகினார்கள். ஒரு பையன் தப்பாக அடித்துவிட்டு அட்டையில் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

"அண்ணி, நீங்க ஒரு வார்த்தை கேட்டா அண்ணன் வரமாட்டாரா?" என்றேன்.

"என் வீட்டுக்குப் போறதுக்கு நான் எதுக்கு தம்பி கேக்கணும்? ஜெயிச்சா போறேன். இல்லியா, மத்தூர்ல உக்காந்து முறுக்கு சுடறேன்."

அண்ணனிடமும் பேசிப் பார்த்தேன். "பேசாம இந்த வருஷம் தேன்கனிக்கோட்டை போய்டலாமேண்ணா."

"எனக்கு மட்டும் ஆசை இல்லியாடா? அந்தக் கெழவி எம்மேல உசுரையே வெச்சிருக்கு. மத்தூர்ல எங்கண்ணன் என்ன சொல்வான் தெரியுமா? பொண்டாட்டி சம்பாத்தியத்துல சாப்பிடறான், இப்ப அவ ஊருக்கே போய்ட்டான்னு சொல்வான். வருஷத்துக்கு ஒருநாள் அங்க பஸ்ஸ விட்டு எறங்கி, ஜெயிச்சிட்டு வந்தேன்னு சொல்றேன். அது ஒன்னுதான் எனக்கு அந்த வீட்ல இருக்குது."

மத்தூரில் அவருடைய அண்ணன் தேங்காய் மண்டி வைத்திருந்தார். தினமும் காலையில் போன் செய்து, "என்னடா, உன் பென்குயின் மூச்சு விடுதா?" என்று கேட்பார். மண்டியில் இருக்கிற எல்லோரும் பதிலுக்குக் காத்திருப்பது போனிலேயே கேட்கும்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை. இரண்டு சிஸ்டமும் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணி பைகளைக் கட்டிவிட்டார். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை. தடுப்புக்கு அந்தப்பக்கம் தன் சிஸ்டத்தைப் பார்த்தபடி முகத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டார். மத்தியானப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இப்படியே இரண்டும் ஓடினால் மத்தூர்.

தடுப்புக்கு மேலாக அவரை ஒருமுறை எட்டிப் பார்த்த அண்ணன், என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் சொன்னார்: "இன்னிக்கு இத நிறுத்திடணும்டா."

"அணைச்சிடுங்கண்ணா. அவ்ளோதானே?"

"லூசு. நானா அணைச்சா அவ வருவாளா? பிச்சை போடறியான்னு கேப்பா. அதுவா நிக்கணும்."

அதுவாக நிற்கவைக்கும் வேலையைத் தொடங்கினார். கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தார். படம், பாட்டு, விளையாட்டு, எதுவும் விடவில்லை. பெட்டி மூச்சிரைத்தது. திரை திக்கியது. அம்புக்குறி அசையாமல் நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது அண்ணனின் கை தானாகப் பாய்ந்து, நாலைந்து விசைகளைத் தட்டி, இரண்டை மூடியது. பெட்டி பிழைத்துக்கொண்டது.

"ஏண்ணா?"

"கை பழகிப்போச்சுடா."

மறுபடி திறந்தார். மறுபடி சாகிற நிலைமைக்குக் கொண்டுவந்தார். மறுபடி காப்பாற்றினார். சுவரில் மோத வேண்டும் என்று வண்டியை விட்டுவிட்டு, கிட்டே போனதும் பிரேக் பிடிக்கிற ஆளைப் போல இருந்தது.

"ஒரே ஒரு வரி இருக்குடா. அத அடிச்சு என்டர் தட்டினா எப்பேர்ப்பட்ட சிஸ்டமும் படுத்துரும்" என்றார். அதை அடித்தார். புள்ளியும் அடைப்புக்குறியுமாகத் திரையில் ஒரு சின்ன வரி. என்டர் விசையின்மேல் விரலை வைத்தார். எடுத்துவிட்டார்.

"நீ தட்டு. நான் வெளிய போய்டறேன். நான் பாக்கல."

வாசல்வரை போனார். நான் விரலைக் கொண்டுபோனேன். பின்னாலிருந்து ஓடிவந்து என் கையில் அறைந்தார்.

"சொன்னா உடனே தட்டிருவியாடா? ஈவு எரக்கம் இல்லாத பய."

தடுப்புக்கு அந்தப்புறம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிளைவுட் மெல்லியது. அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி இடப்பக்கம் வந்தார். சிரித்ததால் வந்த கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவர் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று உட்கார்ந்தார்.

"ஏமண்டி, இதுல எப்படி அணைக்கறது?"

அண்ணன் பதறிப்போய்ப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். "அய்யோ, முதல்ல அந்த வரிய அழி. அழிச்சியா? எல்லாத்தயும் மூடு. சேவ் கேக்கும், குடு. இப்ப இடப்பக்கம் மேல பாரு. அங்கதான். அங்க..."

அண்ணி தட்டினார். காற்றாடிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. கடையில் அப்படி ஒரு சத்தம் இத்தனை நாளும் இருந்துகொண்டே இருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நின்னுடுச்சு" என்றார் அண்ணி.

"இது கணக்குல வராது" என்றார் அண்ணன். "வெளியாள் கைவெச்சு நின்னது."

"நான் வெளியாளா?"

அண்ணன் அணைந்த திரையையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மத்தூருக்கு அடித்தார்.

"அண்ணே, நாங்க இந்த வருஷம் வரல... ஆமா... நின்னுடுச்சு."

மண்டியே சிரித்தது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். வைக்கவில்லை. அடங்கியதும், "அம்மாவுக்கு எடுத்த பொடவைய பொங்கலுக்குக் கொண்டாறோம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அண்ணி என்னைப் பார்த்தார். "தம்பி, உனக்கு ஊருக்குப் போற வேலை இருக்கா?"

எனக்குப் போகிற ஊர் ஒன்றும் இல்லை. பண்டிகை என்றால் கம்பெனிகள் மூடும், மெஸ் மூடும், பன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவ்வளவுதான். மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன்.

இப்படித்தான் நாங்கள் அந்தச் சாலையில் நடந்தோம். ஊர் எல்லை தாண்டியதும், தக்காளி இறக்கிவிட்டு வந்த டெம்போ ஒன்று நின்றது. காலிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். பொழுது சாயும் முன்பே வீடு வந்துவிட்டது. கட்டிலில் கிடந்த அம்மா மகளைப் பார்த்து, மாப்பிள்ளையைப் பார்த்து, நம்பாமல் வாசலைப் பார்த்தார். இன்னும் யாராவது வந்து இவர்களைத் திரும்பக் கூட்டிப்போய்விடுவார்களோ என்று பார்த்த மாதிரி இருந்தது.

விடிந்ததும் கட்டிலை முற்றத்துக்குத் தூக்கிப் போட்டோம். மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி அந்த அம்மா, கீழே மணையில் உட்கார்ந்த அண்ணனின் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தார்.

"உங்க மிஷின் போய்டுச்சாமே மாப்பிள்ளை?"

"போகல அத்தை" என்றார் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே. "உங்க பொண்ணு அணைச்சு வெச்சிருக்கா."

வெந்நீர்ச் செம்போடு நின்ற அண்ணி முதல் செம்பை அவர் தலையில் ஊற்றினார். அது கொஞ்சம் சூடு அதிகம் போல. அண்ணன் அலறினார்.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ யாரு நைனா? என்ன வேலை தெரியும்?"

"என்ன குடுத்தாலும் செய்வேங்க."

"ராகி அறுக்கற வரைக்கும் யானை வராம காட்டக் காக்கணும். காட்டுல காவல் பரண் இருக்கு. தட்டி வெரட்ட தகர டின் இருக்கு. சோறு இங்க இருந்து வரும்."

சரி என்றேன். பதவுரை மாதிரி ஒரு முறை எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, ஒரு பெட்டி நிறைய லட்சுமி வெடியும் சரவெடியும் கொடுத்தார். இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் பரணில் ஏறினேன். சுற்றிலும் எல்லாக் கிராமத்திலும் வெடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என் மடியில் இருந்ததைப் போல ஒரு பெட்டி வெடி அந்த வட்டாரத்தில் யாரிடமும் இருந்திருக்காது. யானை வந்தால் ஒழிய ஒன்றைக்கூடக் கொளுத்தக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் நிபந்தனை.